கூழ்மேல் நான் போட்ட பழி

என் ஆசை நைனாவுக்கு,

நீ இல்லாமல் முதல் ஆடி வந்து போய்விட்டது. தம்பிக்கு சிப்காட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பொன்னேரி மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் வருகிறாள். நல்ல சேதி இவ்வளவுதான். மீதி என்னைப் பற்றியது. அதைச் சொல்ல வாய் வராமல்தான் இத்தனை நாளாக உன் படத்துப் பக்கம் திரும்பாமலே ஆபீஸுக்குப் போய் வந்தேன்.

இதை நான்கு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், நைனா. நான் உளறியதும் நான்கு பேர் கேட்கிற இடத்தில்தான்.

நம் காலனியில் வழக்கம்போல அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நீ இருந்தவரை அண்டாவில் துடுப்பு போட்டுக் கிளறுவது உன் வேலை. கும்மிடிப்பூண்டி மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்து நிற்பாய். இந்த முறை அந்த இடத்தில் உன் தங்கை கன்னியம்மா அத்தை நின்றாள். பொம்பளை துடுப்பு பிடிக்கிறதா என்று இரண்டு பேர் முனகினார்களாம். "எங்கண்ணன் கை இல்லன்னா என் கை. புடிக்காதவன் குடிக்காத போ" என்று சொல்லிவிட்டாளாம். கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஊர்த்தெருவிலிருந்து முதன்முதலாக ஒரு அம்மா சொம்போடு வந்து நம் வரிசையில் நின்ற வருஷம் உனக்கு நினைவிருக்கிறதா? அதுவரை நம் கூழ் நமக்கு மட்டும்தான். அவர்கள் வயலில் நாற்று நட நம் கை வேண்டும், நம் கையால் ஆக்கியது வேண்டாம். அன்றைக்கு நீ அந்தச் சொம்பை நிறைத்துக் கொடுத்த கையோடு, ஹாஸ்டலில் இருந்த எனக்குப் போன் போட்டாய். "ஊர்லர்ந்து சொம்பு எடுத்துக்கினு வந்துட்டாங்க கண்ணு. லைன்ல நின்னு வாங்கிக்கினு போறாங்க" என்றாய். எனக்கு டாக்டர் சீட் கிடைத்தபோதுகூட நீ அப்படிக் குரல் உடைந்து பேசவில்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் சொம்புகள் கூடிக்கொண்டுதான் வந்தன.

அதைத்தான் நான் கெடுத்தேன்.

கூழ் ஊற்றிய மறுநாளிலிருந்து காலனியில் வயிற்றுப்போக்கு. வீடு வீடாகப் படுத்தார்கள். நான் நகராட்சியில் நகர்நல அலுவலர் ஆனது உனக்குத் தெரியும். என் பெயர்ப்பலகையைத் துண்டால் துடைத்துப் பார்த்தவன் நீ. ஊரில் குப்பை, கொசு, காய்ச்சல், குடிதண்ணீர் எதுவானாலும் என் தலையில்தான் விடியும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டு முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

நம் காலனி சர்ச் தெரு ஸ்டெல்லா, துவண்டுபோன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஊசி போட்டிருந்தார்கள். கூழ் குடித்தாயா என்று கேட்டேன்.

"நாங்க கோயில் கூழு குடிக்கறது இல்லியேக்கா. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தெரியும். சாப்பிட்டவர்களில் யார் யார் படுத்தார்கள் என்று பார்த்தால் மட்டும் போதாது, சாப்பிடாமலே படுத்தவர் உண்டா என்று தேட வேண்டும். எங்கள் படிப்பின் அரிச்சுவடியே அதுதான். கூழைத் தொடாத வீடும் படுத்திருக்கிறது என்றால், காரணம் கூழாக இருக்க முடியாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வருகிற ஒன்றாக இருக்க வேண்டும். காலனிக்கெல்லாம் பொது என்றால் நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான். இதை யோசிக்க ஒரு டாக்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வார்டை விட்டு வெளியே வந்தால் மைக். டிவிக்காரர்கள், கவுன்சிலர்கள், ஊர்த்தெரு ஆட்கள் என்று ஒரே கூட்டம். எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு நைனா. எங்கே வயிற்றுப்போக்கு என்றாலும் முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுவோம். கல்யாண விருந்து, காதுகுத்துப் பிரியாணி, கோயில் பிரசாதம், எது கிடைக்கிறதோ அது. தண்ணீர் என்றால் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். சாப்பாடு என்றால் ஆக்கினவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பழக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. என்னைப் பேச வைத்தது வேறு.

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், "இந்தம்மா அந்தக் காலனிதான்ப்பா. தன் ஆளுங்கள எங்க வுட்டுக் குடுக்கப் போவுது?" என்றார்.

சுருக்கென்றது. நான் யாருக்கும் ஆளில்லை, நான் அதிகாரி என்று அந்த மனிதருக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்குள் வந்தது பார், ஒரு வீம்பு. மைக்கைப் பார்த்து, "புளித்த மாவில், சுகாதாரமற்ற முறையில் தயாரித்த கூழ்தான் காரணம் என்று தெரிகிறது" என்றேன். என்ன தெரிந்தது எனக்கு? கூழ் என்றாலே புளித்த மாவுதான் என்று தெரியாதவளா நான்? அந்த அண்டா கொதிக்கக் கொதிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தவள்தானே? வேற்றூரிலிருந்து வந்த அதிகாரியாக இருந்தால், தண்ணீர்ப் பரிசோதனை வரட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார். சொந்தக் காலனிக்குச் சாதகமாகப் பேசினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில், அந்நியர்கூடச் செய்யாததை நான் செய்தேன். ஸ்டெல்லா சொன்னது காதில் இருக்கும்போதே செய்தேன்.

சில நாளில் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. தண்ணீர்தான். சாக்கடை வெட்டும்போது குடிநீர்க் குழாயை உடைத்து, சாக்கைச் சுற்றி மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். குழாயை மாற்றினோம். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லாமல் எல்லோரும் வீடு திரும்பினார்கள். நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. என் முகத்தோடும் குரலோடும் இன்னும் ஒவ்வொருவர் போனிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கமிஷனரிடம் போய், தண்ணீர்தான் காரணம் என்று அறிவித்துவிடலாம் சார் என்றேன். "எல்லாம் அடங்கிப்போச்சு டாக்டர். இப்பப் போய் தண்ணின்னு சொன்னா ஜனங்க கொழாயத் தொறக்கவே பயப்படுவாங்க" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அது வசதியாக இருந்தது. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்து நாஷ்டா சாப்பிட்டேன். இட்லி தொண்டையில் சிக்கவே இல்லை, நைனா. நன்றாக இறங்கியது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அத்தை கம்பெனி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாள் இல்லையா? கான்ட்ராக்டர் இனி வர வேண்டாம் என்றுவிட்டார். "டாக்டரம்மாவே டிவியில சொல்லிட்டாங்க, நான் இன்னா செய்யறது?" என்றாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊர்த்தெரு டீக்கடையில் இன்னொரு பேச்சு ஓடுகிறது. "இதுக்குத்தான் அந்தக் காலத்துல அவுங்க கைல வாங்கித் தின்னல" என்று பேசிக்கொள்கிறார்களாம். தம்பிதான் வந்து சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை காலம் காரணமே இல்லாமல் ஒதுக்கிவைத்தவர்களுக்கு, டாக்டர் சொன்ன காரணம் ஒன்றை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இதற்கா நீ என்னைப் படிக்க வைத்தாய்?

போன ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனேன். ஆபீஸ் ஜீப் வேண்டாம் என்று பஸ்ஸில் போய் இறங்கி நடந்தேன், அதில் என்னவோ பெரிய தியாகம் இருக்கிற மாதிரி. அத்தை வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க மேடம். உக்காருங்க."

பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து துடைத்துப் போட்டாள்.

"இன்னா அத்த இது, மேடம் கீடம்னுக்கினு?" என்றேன்.

"எங்கூட்ல எதுவும் வாயில வைக்க வாணாங்க. கடையிலர்ந்து பாட்டில் தண்ணி வாங்கியாரச் சொல்றேன். அப்பால உங்களுக்கு ஒண்ணுன்னா, இவ கைதான்னு சொல்லுவாங்க."

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே பயந்து சொன்னாள். சொல்லிவிட்டு, கீரை ஆய்ந்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். என்னால் மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை. வெயில் ஜாஸ்தி, மழை இல்லை என்று எதையோ பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். நீ எனக்காகத்தான் வக்காலத்து வாங்கியிருப்பாய். "புள்ளைக்கு ஆபீஸ்ல ஆயிரம் பேஜாரு இருக்கும், வுடு கன்னிமா" என்றிருப்பாய். அவளும் உனக்காக விட்டிருப்பாள். நீ போனதற்குப் பிறகு முதல்முறையாக, நீ இல்லாதது நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

நாளை நகர்மன்றக் கூட்டம். டிவிக்காரர்களும் வருவார்கள். எழுந்து நின்று சொல்லப் போகிறேன். கூழ் இல்லை, குழாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கவனிக்க வேண்டியவள் நான். கூழ் குடிக்காத வீடும் படுத்தது, மைக் முன்னால் நிற்கும்போதே எனக்குத் தெரியும். இந்தக் கடைசி வரியைச் சொல்லத்தான் நடுக்கமாக இருக்கிறது. அதைச் சொன்ன பிறகு இந்த வேலையில் என்னை வைத்திருப்பார்களா, தெரியவில்லை. காலையில் மறுபடியும் தலையாட்டிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் இன்றைக்கே ஊரறிய எழுதிவிட்டேன். இனி என்னால் பின்வாங்க முடியாது.

கூட்டம் முடிந்ததும் கேன்டீனுக்குப் போய் அதே வார்த்தையை அந்தக் கான்ட்ராக்டரிடமும் சொல்வேன். ஊர்த்தெருக்காரர்கள் கேட்பார்களா, மாட்டார்களா என்பது என் கையில் இல்லை.

பிறகு அத்தை வீட்டுக்குப் போய் வாசலில் தரையில் உட்காருவேன். மன்னிப்புக் கேட்பேன். அவள் மன்னிக்க வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. வாய் நிறைய ஒரு தடவை, "அடிப்பாவி" என்று என்னைத் திட்டினால் போதும். திட்டுகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். உன்மேல் சத்தியம், நைனா.

இப்படிக்கு,
கன்னியம்மாவின் அண்ணன் மகள்
செல்வி