ஆற்றுப் பாதையில் வராதே

ஹரா-துமுல்,
ஏப்ரல் 14

அன்பு மகள் குன்னெய்க்கு,

அம்மா எழுதுவது. மூச்சு விடுவதையும் வேளைக்கு அடுப்பெரிப்பதையும் நலம் என்று சொல்லலாம் என்றால் இங்கே நான் நலம். அங்கே நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அப்படி நினைக்க ஆதாரம் எதுவும் இல்லாவிட்டாலும். மாடு போன வாரம் கன்று போட்டது, கிடேரிக் கன்று, நன்றாகப் பால் குடிக்கிறது. அன்றைக்கு ஊராட்சி அலுவலகப் போனில் நீ அழுதாய், எனக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள், நான் சரி சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு மற்றவர்கள் முன்னால் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். நர்ஸ் லுகெரியா லீவில் நீ இருக்கும் கசானுக்கு, மகன் வீட்டுக்குப் போகிறாள், நாளைக்கு ஹெலிகாப்டர், வெள்ளம் வடியும்வரை அதுதான் கடைசி. பதினெட்டாம் தேதிக்குள் உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கூடவே இரண்டு வெள்ளை மீன் கட்டிக் கொடுத்திருக்கிறேன், வாங்கியதும் உறைபெட்டியில் வை, உறைந்தபடியே சீவிச் சாப்பிடு, உருகவிடாதே.

நீ சொன்ன திட்டத்தை நான் நாலைந்து தடவை யோசித்துப் பார்த்தேன். இருபதாம் தேதி விமானத்தில் யாகுட்ஸ்க், அங்கிருந்து சின்ன விமானத்தில் மாவட்டத் தலைநகர், அப்புறம் லாரி டிப்போவில் யாராவது ஒரு டிரைவரைப் பிடித்து ஆற்றுப் பனியின் மேல் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். கவ்ரீலின் மகள் என்றால் யாரும் ஏற்றிக்கொள்வார்கள் என்றாய். ஏற்றிக்கொள்வார்கள், அதுதான் என் பயம். யாகுட்ஸ்கில் சின்ன விமானம் சொன்ன நாளில் கிளம்பி நான் பார்த்ததில்லை, இரண்டு நாள் மூடுபனி, ஒரு நாள் காற்று என்று கழியும். நீ டிப்போவுக்கு வந்து சேரும்போது ஏப்ரல் இருபத்தைந்து ஆகியிருக்கும். அந்த நேரத்தில் பகலில் பனிக்கட்டியின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், ராத்திரியில் அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் கட்டும், கீழே எது பள்ளம் எது வெடிப்பு என்று டிரைவருக்கே தெரியாது. அந்த மாதத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெல்ட் போடாமல், குதிக்கத் தயாராகத்தான் ஓட்டுகிறார்கள். இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ இங்கே பிறந்தவள். ஆனால் ஆறு வருடம் நகரத்தில் இருந்தவள் இதை ஞாபகமாக வைத்திருப்பாள், உடம்பில் வைத்திருக்கமாட்டாள்.

அன்று நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்று போனில் சண்டை போட்டாய். நியாயம்தான். மூன்றாம் தேதி காலையில் நான் வழக்கம் போல ஆற்றுக்குப் போய்த் துளை போட்டுப் பனியின் கனத்தை அளந்துவிட்டு வந்தேன். ஓடை வந்து சேரும் முனையில், எப்போதும் மெல்லிசாக இருக்கும் இடத்தில், தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். உன் அப்பா டீ குடித்துக்கொண்டே இன்னைக்கு எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். அது போதும், என் காமாஸ் லாரி அதுக்கு மேல கேக்காது என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். ஒரு லாரிக்கு அது போதும் என்பது உண்மை. அங்கே போர்டும் வைத்திருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டி என்று. முனைக்குப் போனபோது அங்கே ஸ்பிரிதோனின் லாரி டீசல் குழாய் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நின்ற வண்டியைத் தாண்டிப் போகிறவனை நம் ஊரில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவதும் கௌரவக் குறைவு, பயந்தவன் என்பார்கள். உன் அப்பா பக்கத்திலேயே கொண்டுபோய், மூக்கோடு மூக்கு வைத்த மாதிரி நிறுத்தியிருக்கிறார். என்னடா ஸ்பிரிதோன், நடு ஆத்துல பொண்ணு பாக்க நிக்கிறியா என்று கேட்டாராம். அதற்கு அவன், ஆமாண்ணே, நீங்கதான் மாமனார், மொதல்ல டீ ஊத்துங்க என்றானாம். குடித்துக்கொண்டே குழாயை ஊதிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், இருபது நிமிடத்துக்கு மேல். ஓடுகிற பாரத்தைவிட நிற்கிற பாரம்தான் பனிக்கு ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே போகும். இதை நான் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கெல்லாம் வருடா வருடம் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை, டிரைவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். கயிறு எடுக்க உன் அப்பா கேபினுக்குள் ஏறினார். கதவைச் சாத்தினார், ஏனென்றால் அன்று குளிர் அதிகம். அப்போது அவர் வண்டிக்குக் கீழே பனி விட்டது. அவ்வளவுதான்.

ஸ்பிரிதோன் வெளியே நின்றதால் பிழைத்தான், விளிம்பில் முன்சக்கரம் இறங்கி நின்ற அவன் லாரியையும் மறுநாள் டிராக்டர் வைத்து இழுத்துவிட்டார்கள். தினமும் வந்து விறகு பிளந்து அடுக்கிவிட்டுப் போகிறான், உள்ளே வருவதில்லை. நேற்று ஜன்னலைத் திறந்து டீ குடிச்சிட்டுப் போடா என்றேன். வேணாம்க்கா, நீங்க என்னைத் திட்டினா உள்ள வருவேன், திட்டாம இருக்கீங்களே, அதான் என்னால முடியல என்றான். எனக்குத் திட்டத் தெரியவில்லை. மீட்புக்குழு நான்கு பேர் வந்து துளை போட்டுக் கேமரா இறக்கினார்கள். ஒன்பது மீட்டர் ஆழத்தில் லாரி தலைகீழாகக் கிடக்கிறது, கேபின் மணலுக்குள், நீரோட்டம் பலமாக இருக்கிறதாம். அவர்களில் மூத்தவர், ஆத்துப் பனி உடையட்டும்மா, தண்ணி வடிஞ்சதும் வந்து பத்திரமா எடுத்துக் குடுக்கிறோம் என்றார். தலையாட்டினேன். ஆறு உடையும்போது வீட்டளவு பனிக்கட்டிகள் ஆற்றுப் படுகையை உழுதுகொண்டு வடக்கே போகும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் அவர்கள் எடுத்துக் கொடுக்க ஏதாவது இருக்கும் என்று நான் நம்பவில்லை. உன்னிடம் மட்டும் ஏன் வேறு மாதிரிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மேலே ஒரு தடவையாவது நிக்கணும்மா, பனி போறதுக்குள்ள என்று நீ கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை.

இனி நீ கோபப்படப் போகும் விஷயம். விபத்துக்குப் பிறகு பாதையை முந்நூறு மீட்டர் தள்ளி எதிர்க்கரையோரமாகத் திருப்பிவிட்டார்கள், அது இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கியிருக்கும். பாதை திறந்திருப்பதும் மூடுவதும் நான் அனுப்பும் எண்ணை வைத்துத்தான். நேற்றுக் காலை எதிர்க்கரையில் அளந்தபோது கோலில் நூற்று நான்கு காட்டியது. நான் புத்தகத்தில் அறுபத்தொன்று என்று எழுதினேன், அதையே ரேடியோவிலும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் சொன்னேன். மத்தியானமே பாதையின் இரண்டு முனையிலும் தடுப்பு போட்டாகிவிட்டது. அதற்குள் வந்திருக்க வேண்டிய மாவும் டீசலும் டிப்போவிலேயே கிடக்கின்றன, கடையில் எல்லோரும் ஆற்றைத் திட்டுகிறார்கள். இருபத்து மூன்று வருடத்தில் நான் பொய்யாக எழுதிய ஒரே எண் அது. உன்னை வராதே என்று சொன்னால் கேட்கமாட்டாய், அப்பாவின் பிடிவாதம். அதனால் வழியையே எடுத்துவிட்டேன். அவருக்கு மேலே நிற்கும் உரிமையை உன்னிடமிருந்து பறித்திருக்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் நீ தர வேண்டியிருக்கும்.

டிக்கெட்டை ஜூன் பத்துக்கு மேல் மாற்றிக்கொள். வெள்ளம் வடிந்தபின் மாவட்டத் தலைநகரிலிருந்து படகு வரும், இரண்டு நாள் பயணம், அதற்கு முன்னால் எதுவும் ஓடாது, யார் என்ன சொன்னாலும் நம்பாதே. யாகுட்ஸ்கில் மூன்று நாள் தங்குகிற மாதிரி வா, சின்ன விமானத்தில் பத்துக் கிலோதான் விடுவார்கள், மீதியைப் படகுக்காரருக்குத் தபாலில் முன்னாலேயே அனுப்பிவிடு. கொசுவலைத் தொப்பி, ரப்பர் பூட்ஸ், ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம், ஜூனிலும் தண்ணீரின் மேல் குளிரும். கையில் ரொக்கம் வை, இங்கே வங்கி அட்டை செல்லாது. இரண்டு நாளும் மூடிய படகில் உள்ளேயே இரு, டீசல் வாடைக்கு எலுமிச்சைப் பழம் ஒன்று வைத்துக்கொள். வந்தால் உன் அறை இருக்கிறது. வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

எந்தத் தெய்வத்தை நம்பி உன்னை ஆசீர்வதிப்பது என்று எனக்குத் தெரியாது. உன் கால் படும் இடம் எல்லாம் உறுதியாக இருக்கட்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. உன் இருமலை அலட்சியம் செய்யாதே. பனி போகும்வரை தினமும் காலையில் அந்த இடத்துக்குப் போய் உனக்குப் பதிலாக நான் நிற்கிறேன். பேசத்தான் வரவில்லை, நிற்கிறேன். பனி உடையும் நாளையும் மணியையும் புத்தகத்தில் சரியாக எழுதி, உனக்கும் தெரிவிப்பேன்.

உன் அம்மா,
அகுலினா