கறுப்பு டேப்புக்கு அடியில்

லேப்டாப் திரையில் நீ ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் இன்றைய வெயிலில் ஓரம் சுருண்டுவிட்டது. அழுத்தினேன். பசை விரலோடு வந்தது. உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லிவிட வேண்டும்.

நான் கல்லூரியை விட்டுக் கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடையில் நின்ற நாட்கள். நீ மூங்கில்துறைப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து பென்டிரைவை நீட்டினாய். வெளிநாட்டில் விஞ்ஞானிகள் பூமிக்கடியில் பெரிய வளையத்தில் புரோட்டான்களை மோதவிட்டு எடுத்த பதிவுகள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

"ஹிக்ஸ் துகளத்தான் கண்டுபுடிச்சுட்டாங்களே, நீ இன்னாடி புதுசா தேடப் போற?"

"அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. நம்ம கண்ணுக்குத் தெரிய வேணாமா?"

ஹிக்ஸ் இருந்தால் வரைபடத்தில் ஒரு சின்ன மேடு எழும். அந்த இடத்தைத்தான் டேப்பால் மூடினாய். எந்த மோதலை வைப்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகளை உன் நோட்டில் எழுதி முடிவுசெய்யும்வரை பார்க்கக் கூடாது என்றாய்.

"பழைய வளையத்த மூடுற நேரத்துல ஒரு மேடு தெரிஞ்சுதாம்டி. அது ஹிக்ஸா இருக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. கடைசில ஹிக்ஸ் இருந்தது வேற எடத்துல."

நீ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடமிருந்த உன் லேப்டாப்பில் டேப்பைத் தூக்கினேன். வரைபடம் வெட்டி முடித்த கரும்புக் கொல்லைபோலத் தட்டை. உன்னிடம் வெறுங்கையோடு வர முடியவில்லை. ஒரு விதியை இறுக்கினேன், ஒன்றைத் தளர்த்தினேன். மேடு எழும்வரை விடவில்லை.

கட்டில் ஓரம் வைத்துக் காட்டினேன். டிரிப்ஸ் ஏறும் கையை ஊன்றி எழுந்தாய்.

"கல்வராயன் மலை கணக்கா நிக்குதேடி!"

சிரித்தாய். சட்டென்று நிறுத்தினாய்.

"விதிய மாத்திட்டுப் பாத்தியா, பாத்துட்டு மாத்துனியா?"

"மாத்திட்டுத்தான் பாத்தேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அடுத்த வளையத்துல ஹிக்ஸ் கும்பல் கும்பலா வருமாம். அதக் கட்டி முடிக்கறதுக்குள்ள நமக்கு நாப்பது தாண்டிடும். அப்பவும் சேந்து பாக்கணும், இன்னா?" என்றாய். பிறகு, "டேப்ப ஒட்டிடு."

மறுநாள் நீ இல்லை. நம்பினாயா, கண்டுகொண்டாயா, தெரியாது. லேப்டாப்பை உன் அம்மா என்னிடமே விட்டுவிட்டார்.

பார்த்ததைப் பார்க்காததாக்க முடியாது. அதனால் என் மேட்டை அழித்தேன். நாம் இருவருமே பார்த்திராத புதிய பதிவுகளை இறக்கினேன். விதிகள் உன் நோட்டில் உள்ளவை, ஒன்றைக்கூட மாற்றவில்லை. இப்போதுதான் ஓடி முடிந்தது. தட்டையாக இருந்தால் உன் நோட்டில் தட்டை என்றே எழுதுவேன்.

டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்திருக்கிறேன். உரிப்பதற்கு முன்னால் உன் கேள்விக்குப் பதில்:

பாத்துட்டுத்தான்டி மாத்துனேன்.