காற்றில்லாத ஊரில் கார்னர் கிக்

பிப்ரவரி 2, ஞாயிறு

பேத்தி மோகனப்ரியா இந்த போனில் ஒரு மைக் படத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அதை அழுத்திக்கொண்டு பேசினால் பேச்செல்லாம் எழுத்தாக விழுமாம். "தாத்தா, சொன்னதையே எங்களாண்ட நாலு தபா சொல்றே. இதாண்ட சொல்லு. இது வாயே தொறக்காது."

எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. விழுவது சரியா தப்பா என்று எப்படிப் பார்ப்பது? விழட்டும். தண்ணிக்குள் போன வலையையும் பார்த்துக்கொண்டா இருந்தோம்.

இன்று வீட்டில் சண்டை. அண்ணா நகரில் பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கும் அகாடமி ஒன்று. ஊர் ஊராகப் போய் லீக் ஆடும் அவர்கள் டீமுக்கு மோகனாவை எடுத்துவிட்டார்கள். பதிமூன்று வயசு, இடது கால்காரி. டிராக்சூட் போட்ட கோச் சார் வீட்டு வாசலில் டீ கிளாஸோடு நின்று சொன்னார்: பாதி ஃபீஸ் தள்ளுபடி. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா மேட்சிலும் பாதி நேரமாவது ஆட்டம் உண்டு. ரயில், ரூம், ஷூ நம் செலவு. பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருத்தர் கட்டாயம் வரணும். மேட்ச் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை! மெட்ராஸ் முழுக்க மீன் தின்கிற நாள். மகன் பொன்ராஜ் விடிய விடிய வலை போட்டுவிட்டுக் கரைக்கு வருவான். மருமகள் மலர்க்கொடி அந்த மீனை மார்க்கெட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். யாவாரத்தைத் தராசில் வைத்தால் மற்ற ஆறு நாளும் ஒரு தட்டு, ஞாயிறு ஒரு தட்டு. இதில் யார் போவது?

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க சும்மாதானே கீறீங்க மாமா" என்றாள் மலர்க்கொடி.

"பந்து இங்கயும் உருண்டைதான், அங்கயும் உருண்டைதான். அத்த உதைக்க ரயில் ஏறணுமா?" என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

போக மாட்டேன். இந்தத் திருமலை சொன்னால் சொன்னதுதான்.

பிப்ரவரி 8, சனி

ரயிலில் இருக்கிறேன். சேலம் போகிறோம்.

அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை. நேற்று அடிபம்பாண்ட நின்று தெருவே கேட்கச் சொன்னாள்: "எங்க தாத்தா கடல்ல காக்கிநாடா வரிக்கும் போன ஆளு. தரையிலதான் அரக்கோணம் தாண்டாது. பயம்."

உண்மைதான். அரக்கோணத்துக்கே ஒரு கல்யாணத்துக்குப் போனது. ஆனால் உண்மையைப் பம்பாண்டயா வைத்துச் சொல்வது?

இப்போதுதான் அரக்கோணம் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. வடை வந்தது.

கூட பத்து அம்மாக்கள். வேட்டி நான் ஒருத்தன்தான். நெத்திலிக் கருவாட்டு வறுவல் டப்பாவைத் திறந்தேன், பக்கத்தில் ரெண்டு சீட் காலியாகிவிட்டது. காட்பாடியில் ஒரு அம்மா திரும்பி வந்து, "அங்கிள், கொஞ்சம் டேஸ்ட் பண்ணலாமா?" ஜோலார்பேட்டையில் டப்பா காலி.

பிப்ரவரி 9, ஞாயிறு. சேலம்

மனசு சரியில்லை.

முதல் பாதியில் மோகனா எடுத்த கார்னர் அஞ்சு. அஞ்சும் வீண். நம் எர்ணாவூர் மைதானத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கோல் வாயில் கொண்டுபோய்ப் போடுகிறவள். இங்கே பந்து நாலு ஆள் தள்ளி, யாருமில்லாத இடத்தில் போய் விழுகிறது. காய்ச்சலா? ஷூ கடிக்கிறதா? அம்மாக்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் டப்பாவைப் பார்க்கிறேன். இடைவேளையில் கோச் சார் அவளை உட்கார வைத்துவிட்டார்.

அப்போது அந்த மைதானத்தில் கோடு போடுகிற பெரியவர் ஒருத்தர், நீலமேகம் என்று பேர், கையெல்லாம் சுண்ணாம்போடு வந்து அவள் பக்கத்தில் குந்தினார். "ஏஞ்சாமி, உங்கூர்ல காத்து ரொம்பவோ? தள்றதுக்கு ஆள் இருக்கற மாதிரியே அடிக்கறே. இங்க தள்ள ஆளில்ல. நேரா அடி."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

எனக்குச் செவுளில் விட்ட மாதிரி இருந்தது. நம் மைதானத்தில் மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடற்காற்று எழும்பிவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஆடுவதெல்லாம் அந்தக் காற்றில்தான். மோகனா பந்தைக் கடல் பக்கமாகத் தள்ளி அடிப்பாள், காற்று அதைத் திருப்பிக்கொண்டு வந்து கோல் வாயில் போடும். அது அவள் காலுக்கே பழக்கம். சேலத்தில் நாலு பக்கமும் மலை. ஒரு இலை அசையவில்லை.

காற்று தெரியும், காற்று தெரியும் என்று ஐம்பது வருஷம் மாரைத் தட்டினேனே. காற்று இல்லாததைப் பார்க்கத் தெரியவில்லையே.

கடைசிப் பத்து நிமிஷம் விட்டார்கள். நேராக அடித்தாள். எங்கள் டீம் பெண் ஒருத்தி தலையில் வாங்கிப் போட்டாள். கோல்! மூன்றுக்கு ஒன்று. தோல்விதான்.

ஆனால் ஒன்று புரியவில்லை. நீலமேகம் அவர்கள் ஊர் ஆள். எதிராளி. அவர் ஏன் சொன்னார்?

கிளம்பும்போது என் போனில் அவர் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். "கடல் எப்படீங்க இருக்கும்? எங்க புள்ளைங்க பாதிப்பேரு பார்த்ததில்ல. நானுந்தான்" என்றார். என்ன பதில் சொல்வது? பெரிசு என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நடுக்கடலில் இஞ்சின் நின்று, வேற்றூர்ப் படகு ஒன்று, முகத்துவாரக்குப்பத்துக்காரர்களுடையது, நம் கரையில் ஒதுங்கியது. கரையில் நின்ற எல்லோரும் தோள் கொடுத்து மேலே ஏற்றினோம். டீக்கடை அத்தாவுல்லா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "இது யாரு படகு மாமு?"

"மொதல்ல தள்ளு. அப்பால கேளு."

தள்ளினான். முனகிக்கொண்டே.

பிப்ரவரி 23, ஞாயிறு

மளிகைக் கடையில் பெர்சிஸ். கடைக்காரர் மகள். மோகனாவோடு ஒண்ணாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. எர்ணாவூரில் மதி என்கிற பெண் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறது. அந்த டீமுக்கு இவள்தான் கோல் கீப்பர். மோகனா போனதிலிருந்து டீமில் பத்துப் பேர்தான்.

"எப்டிம்மா கீது டீமு?" என்றேன்.

"லெஃப்ட்ல ஆளே இல்ல தாத்தா. கடல்தான் கீது."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்காமல் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு. பெங்களூர்

குல்லாய் வாங்கினேன். ஊரா இது! மார்ச்சில் விடிகாலைக் குளிர்! ரோட்டில் மரம், மரத்தில் பூ. அம்மாக்கள் இப்போது என் கட்சி. ஆளுக்கு ஒரு கிலோ நெத்திலி ஆர்டர்.

சாயந்திரம்.

காலையில் குஷியில் பேசிவிட்டேன். மேட்ச் முடிந்தது. மோகனா ஆடியது பதினோரு நிமிஷம். போக ஒரு நாள், வர ஒரு நாள், ஆட்டம் பதினோரு நிமிஷம். பரீட்சைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மீதி நேரம் பெஞ்சு.

கோச் சாரிடம் போனேன். "சார், பிப்ரவரி ரெண்டாம் தேதி பதினொண்ணேகால் மணிக்கு எங்க வூட்டு வாசல்ல நின்னீங்க. இடது கையில டீ கிளாஸ். கிளாஸ்ல ஒரு எறும்பு. எல்லாப் புள்ளைக்கும் பாதி நேரம்னு சொன்னீங்க."

அவர் மிரண்டுவிட்டார். "எழுதி வச்சிருக்கீங்களா தாத்தா?"

"எழுதத் தெரியாது சார். அதான் ஞாபகம் கீது."

கெட்டவர் இல்லை. என்னை உட்கார வைத்துப் பேசினார். "ஜெயிக்கிற நிலைமையில மாத்த முடியல. ஆனா இன்னும் ரெண்டு வருஷம் எங்ககிட்ட இருந்தா மாநில கேம்ப் வரைக்கும் போவா. அந்தக் கால் அப்படி. உங்க ஏரியாவுல விட்டா யாரு வந்து பார்ப்பாங்க?"



மார்ச் 17, திங்கள்

ரயிலில் மோகனா கேட்டாள். "தாத்தா, பெங்களூர் டீமுல ஏழாம் நம்பர் பொண்ண பாத்தியா? பந்து வர்றதுக்கு மின்னாடியே தலைய ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துக்குது. பந்து வந்த அப்பால யோசிக்கிறதே இல்ல." ஜன்னலைப் பார்த்து அவளும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் கழுத்து சுளுக்கா என்று கேட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்தும் ஏதோ பிடித்திருக்கிறாள். அதையும் சொல்லவேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

விட்டுவிடப் போகிறாளாம்!

"இன்னாத்துக்கு?" என்று கத்தினேன். "அடுத்தது திருச்சூரு! யானை கீதாம்! அம்மாங்கல்லாம் எனக்கு லோயர் பெர்த்து போட்டு வச்சிக்கிறாங்க! கருவாட்டுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்! இப்ப போயி..."

மலர்க்கொடி சிரித்துச் சிரித்து அரிவாமனையை விட்டு எழுந்தேவிட்டாள். "மாமா, நீங்க வேணா ஷூ மாட்டிக்கினு போங்க. லெஃப்ட்ல ஆடுங்க."

யார் போக மாட்டேன் என்றது? நான். யார் இப்போது குல்லாயைப் பிடித்துக்கொண்டு அழுகிறது? நான்.

மோகனா மெதுவாகச் சொன்னாள்: "தாத்தா, நாலு ஊர்க்காரங்க என் ஆட்டத்த பாத்துட்டாங்க. அம்மா இதுவரிக்கும் ஒரு தபா கூட பாக்கல."

மலர்க்கொடி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மோகனா மதியிடம் கேட்டிருக்கிறாள்: எப்போதும் நாமதான் போகணுமா, அவங்க இங்க வரக்கூடாதா? மதி சொல்லிச்சாம்: "யாரு வருவா? மண்ணு மைதானம், சுத்தி கம்பெனிப் பொகை வாசனைன்னு ஒதுங்கிடுவாங்க."

யோசித்தேன். எனக்கு ஒரு ஊர் ஞாபகம் வந்தது. மைக்கை அழுத்தி நீலமேகத்துக்குப் பேசி அனுப்பினேன். "எங்க மைதானம் மண்ணுதான். ரூம் கெடையாது, எங்க வூட்லதான் படுக்கணும். சோறு உண்டு, மீன் உண்டு. மைதானத்துக்குப் பக்கத்துல கடல் கீது."

பத்தே நிமிஷத்தில் பதில். அவர் குரலுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூச்சல். ஒரு வார்த்தைதான் புரிந்தது. கடல்.

ஏப்ரல் 12, சனி

மதியும் சேலத்துக்காரர்களும் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு தடவை அவர்கள் இங்கே, ஒரு தடவை நம்ம பிள்ளைகள் அங்கே. ரெண்டு டீம் மட்டும் இருக்கிற லீக். அத்தாவுல்லா கேட்கிறான், "தோத்தாலும் ரெண்டாவது எடமா மாமு?"

இங்கே மேட்ச் சனிக்கிழமை. ஏனென்றால் நாள் வைத்தது நாங்கள்.

மே 17, சனி

அகாடமி வேண்டாம் என்று சொன்னது சரியா தப்பா, இன்னும் தெரியவில்லை. கோச் சார் சொன்னது பொய்யில்லை. இன்று மைதானத்தில் ஆள் எடுக்க நோட்டும் பேனாவுமாக எந்தப் பெரிய ஆளும் நிற்கவில்லை. நின்றது குப்பம்தான். பொன்ராஜ் நின்றான், தூங்காத கண்ணோடு. மலர்க்கொடி நின்றாள்.

நின்றாள் என்றா சொன்னேன்? மார்க்கெட்டில் விலை கூவும் குரலில், "இடது பக்கம் வுடுங்கடீ, எம்பொண்ணு காலியா நிக்கிறா!" என்று ஒரு சத்தம். ரெஃப்ரி விசிலைக் கீழே போட்டுவிட்டார்.

ரெண்டு மணிக்கு எழும்பின காற்று மூணு மணிக்குப் பேயாகிவிட்டது. முதல் பாதியில் மோகனா எடுத்த கார்னர் கடலைப் பார்த்துப் போய், மனசு மாறி, நேராக கோலுக்குள் திரும்பியது. யாரும் தொடவில்லை. மலர்க்கொடி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள். இடது பக்கம் ஆள் வந்தாயிற்று என்று பெர்சிஸ் தன் கோலில் நின்றுகொண்டே குதித்தாள்.

சேலத்து கோல் கீப்பர் ஒல்லிப் பொண்ணு. பந்தை எம்பி உயரமாக அடிக்கிறது. காற்று அதை மேலேயே நிறுத்தித் திருப்பி அதன் தலைக்கே அனுப்புகிறது. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணாவது தடவை மோகனா அதை வாங்கி ரெண்டாவது கோல். குப்பமே சிரித்தது. ஒல்லிப் பொண்ணு தன் காலைப் பார்த்தது, ஷூவைப் பார்த்தது.

அஞ்சு கார்னர் வீணானபோது மோகனா ஷூவைப் பார்த்த மாதிரியே.

என் கால் நடந்துவிட்டது. நான் நடக்கவில்லை, அதுதான் நடந்தது. கோலுக்குப் பின்னால் போய் நின்று, "அம்மாடி, ஒசர அடிக்காதே. காத்துக்குக் கீழ அடி. தரையோட தரையா வுடு" என்றேன்.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து மோகனா: "தாத்தா! நீ எந்த டீமு?"

"கரைக்கு வந்துட்சிமா! தள்ளாம எப்டி நிக்கிறது?"

ரெண்டுக்கு ரெண்டு. டிரா. மோகனா முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள்.

நீலமேகம் மேட்சையே பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணியில் நின்றவர் நின்றவர்தான். போய்ப் பக்கத்தில் நின்றேன். தண்ணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "பெரிசுதானுங்க."

மே 18, ஞாயிறு

ஒல்லிப் பொண்ணுக்கு வஞ்சிரத்தில் பெரிய துண்டு வைத்தது மோகனாதான். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

மே 24, சனி

பிள்ளைகள் சேலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே மைதானம் ஞாயிறு மட்டும்தான் கிடைக்குமாம். துணைக்குப் பெரியவர்கள் மதியும் இன்னொருத்தரும். குல்லாயை எடுத்து வைத்திருந்தேன். வேட்டி இஸ்திரி போட்டாயிற்று.

நேற்று மலர்க்கொடி வாசல்படியில் வந்து நின்றாள். நிற்கிறாள், போகிறாள், திரும்பி வந்து நிற்கிறாள். "மாமா... இந்த தபா நான் போவட்டா?"

மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் கரையில் கிடக்க, சின்னப் படகு மீனுக்குத் தங்க விலை. நாளைக்கோ ஞாயிறு. இவள்தான் கேட்கிறாள்!

குல்லாயை அவளிடம் கொடுத்தேன். சேலத்தில் குளிராது என்று தெரியும். இருந்தாலும்.

நாளைக்கு மார்க்கெட்டில் கூடைக்கு முன்னால் நான். விலை சொல்லிப் பார்த்துக்கொண்டேன், குரல் ஏறவில்லை. பொன்ராஜ் சிரிக்கிறான்.

மலர்க்கொடியும் தரையில் அரக்கோணம் தாண்டாதவள்தான். தாண்டினதும் போன் பண்ணு என்று சொல்லி அனுப்பினேன். மணி எட்டாகப் போகிறது. வடை இந்நேரம் வந்திருக்கும்.

நிறுத்துகிறேன். போன் அடிக்கிறது.