ஆளுக்கு எவ்வளவு

1999 ஜூன் 9, புதன்

வெள்ளவத்தையில் இன்று மத்தியானம் கரண்ட் இல்லை. கடையில் போன் மட்டும் வேலை செய்தது, என் டைப் அடிக்கிற வேலை நின்றுபோனது. மூன்று பெண்கள் சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது. ஷபீகாதான் தொடங்கினாள். தெமட்டகொடைப் பிள்ளை. கணக்கும் போட்டோக் கொப்பியும் அவள் பொறுப்பு. சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே, "எனக்கு ஆறாயிரம் தாறார். ஒங்களுக்கெல்லாம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறது மாதிரி.

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் இதையா கேட்கிறது? கூடப் பிறந்த அக்காவின் சம்பளமே எனக்குத் தெரியாது.

நேசமக்கா போன் மேசையில் எட்டு வருஷமாக இருக்கிறவர். லண்டன், கனடா கோல்களை எல்லாம் அவர்தான் எடுத்துக் கொடுக்கிறது. நிமிராமலே, "எனக்கு ஆறரை" என்றார். நான், "ஏதோ தாறார்" என்று மழுப்பினேன்.

ஏதோவாம்! மூவாயிரத்து ஐந்நூறு.

ஜூன் 12, சனி

பொரளைச் சிறைக்குப் போய் சிவாவைப் பார்த்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பெண்கள் கத்த, அந்தப் பக்கம் இருபது ஆண்கள் கத்த, என் புருஷனின் குரலைப் பொறுக்கி எடுக்கவேண்டும். சுற்றிவளைப்பில் பிடித்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் வழக்குப் போடவில்லை. கழுத்தெலும்பு தெரிகிறது.

"சம்பளம் காணுதோ?"

"தாராளம்."

வேறென்ன சொல்ல? வாசலில் போய் நின்று கெஞ்சினால்தான் லோயர் அசைகிறார். அதற்கு நான் கொழும்பில் இருக்கவேண்டும். வடக்கு ஆட்கள் கொழும்பில் இருக்கப் பொலிஸ் பதிவு வேண்டும். பதிவுக்கு வேலைக் கடிதம் வேண்டும். கடிதத்தில் கடை முதலாளி நாகேந்திரம் சேர் கையெழுத்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் என்னை வவுனியாவுக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். பிறகு ஆமியிடம் பாஸ் எடுத்துத் திரும்பி வருகிற கதை எந்தக் காலத்தில்? சிவாவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

ஜூன் 14, திங்கள்

இரண்டு நாளாக மனதுக்குள் கணக்குப் போடுகிறேன். ஷபீகா கொழும்புப் பிள்ளை, அவளுக்குக் கூட என்றால் விளங்கும். நேசமக்கா என்னைப்போல வடக்கிலிருந்து வந்தவர். அவருக்கும் கடிதம் கொடுக்கிறது சேர்தான். அவருக்கு ஆறரை கொடுக்கிறவர் எனக்கு ஏன் பாதியில் நிறுத்தினார்? நான் கேட்காததால்தான். நாளைக்குக் கேட்பேன்.

ஜூன் 15, செவ்வாய்

கேட்டேன். ஏன்தான் வாயைத் திறந்தேனோ.

முதலில் சேர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நேசமக்காவின் சம்பளத்தைச் சொன்னதும் சிரித்தார் பாருங்கோ, வயிறு குலுங்கிய சிரிப்பு. கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"நேசம்! உமக்கு ஆறரையாம். எனக்குத் தெரியாமல் ஆர் உமக்கு மிச்சம் தாறது?"

நேசமக்கா ரிசீவரைக் காதில் வைத்தபடியே குனிந்துகொண்டார். கோல் எடுக்க வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சேர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஷபீகாவுக்கு நான் பொலிசுக்குக் கடிதம் குடுக்கத் தேவையில்லை. உமக்குக் குடுக்கிறன். புருஷன் உள்ளுக்கை இருக்கிற ஒரு பிள்ளைக்குக் கையெழுத்து வைக்கிறது லேசான காரியமோ? அதுக்கு ஒரு பெறுமதி இருக்குத்தானே, கௌரி."

அந்தக் கடிதங்களை அடிக்கிறதே நான்தான். கையெழுத்து மட்டும் அவருடையது.

ஜூன் 16, புதன்

நேசமக்காவோடு கதைக்கவில்லை. இனியும் கதைக்கமாட்டேன்.

ஜூன் 23, புதன்

கடிதம் முப்பதாம் திகதியோடு முடிகிறது. புதுசை அடித்து மேசையில் வைத்து ஒரு கிழமை. "பாப்பம்" என்கிறார். நேற்றும் பாப்பம், இன்றும் பாப்பம்.

கொட்டாஞ்சேனைக்கு வந்தால் மெற்றில்டா அன்ரி படியிலேயே நிற்கிறார். அறை வாடகைக்குத் தந்த மனுஷி, பொலிசுக்குப் பெயர் கொடுக்கவேண்டியதும் அவர்தான். "புது லெட்டர் எங்க புள்ள? அது இல்லாட்டி எனக்கு ஒண்ணும் செய்ய ஏலாது. என்னையும் சேத்துக் கொண்டுபோயிருவான்." அவரைக் குறை சொல்லி என்ன?

ஜூன் 25, வெள்ளி

பஸ் ஹோல்டில் நேசமக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். நான் தள்ளி நின்றேன். அவரும் தள்ளி வந்தார்.

"எனக்கு மூவாயிரத்து இருநூறு, கௌரி."

எனக்கு விளங்கவில்லை.

"எட்டு வருசம். உமக்கு மூண்டரை எண்டு எனக்குத் தெரியும், ஒருநாள் சேர் காசு எண்ணேக்கை கண்டனான். நேற்று வந்த பிள்ளையிலும் பாக்கக் குறைய எண்டு என்னெண்டு வாயாலை சொல்லுறது? அந்த நேரம் ஆறரை எண்டு வந்திட்டுது."

கத்திவிட்டேன். காலி வீதியில், சனத்துக்கு நடுவில். உங்கட வீம்புக்கு நானோ பலி? நான் உங்களை நம்பியெல்லோ உள்ளுக்குப் போனனான்? உண்மையைச் சொல்லியிருந்தா நான் ஏன் போறன்? அவர் அழவில்லை. "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டே நின்றார். பஸ் வந்தது. அவரை விட்டுவிட்டு ஏறினேன்.

இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. கோபமும் போகவில்லை.

ஜூன் 30, புதன்

கடைசி நாள். கடை பூட்டும் நேரம்வரை காத்து நின்றேன். பிறகு உள்ளே போய், "சேர், உங்களுக்கு விருப்பமானதைத் தாங்கோ. கடிதத்தை மட்டும் தாங்கோ" என்றேன்.

மூவாயிரம். கடிதம் இனி ஒரு மாதத்துக்கு ஒருமுறை. இந்தக் கடையில் சம்பளக் கதை இனி ஒருத்தியும் கதைக்கக்கூடாது.

"ஓம் சேர்" என்றேன். "பெரிய உபகாரம் சேர்" என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன்? ஏன்?

ஜூலை 8, வியாழன்

லோயருக்குக் கொடுக்கத் தோட்டை அடகு வைத்தேன். காது வெறுமையாக இருக்கிறது. சனிக்கிழமை சிவா கண்டுபிடிக்காமல் தலைமயிரை இழுத்துக் கட்டவேண்டும்.

ஜூலை 20, செவ்வாய்

புதுசாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், ஆறாயி. ஹற்றன் பக்கம். நான் டைப் பழக்கவேண்டுமாம். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

சேர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு ரெண்டாயிரத்து ஐநூறுன்னு சொன்னாருங்க. அது சரிங்களா அக்கா? ஒங்களுக்கு எவ்வளவு?"

ஷபீகா என்னைத்தான் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் கடிதம் கிடைக்கும், சனிக்கிழமைகளும் கிடைக்கும். ஆனால் இவளும் ஒருநாள் என்னைப்போல ஒன்றும் தெரியாமல் அந்த அறைக்குள் தனியப் போவாள்.

"மூவாயிரம்" என்றேன். "மூண்டரையாய் இருந்தது. கேட்டதுக்குக் குறைச்சவர்."

"எனக்கு மூவாயிரத்து இருநூறு" என்றார் நேசமக்கா. "எட்டு வருசம், பிள்ளை." அவர் முகம் சிவந்துபோயிருந்தது. ஆனால் குனியவில்லை.

"எனக்கு ஆறு. எனக்குக் கடிதம் தேவையில்லை, அதனாலதான்" என்றாள் ஷபீகா. "தனியப் போய்க் கேக்காதீங்க. நாலு பேரும் போவம்."

போகவேண்டி வரவில்லை. மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்த சேர் வாசலில் நின்றார்.

"கௌரி, இனிக் கடிதம் எண்டு என்னட்டை வராதையும். வேலைக்கும் வரவேண்டாம்."

நேசமக்கா ரிசீவரை வைத்தார். "அப்ப என்ரை கணக்கையும் முடிச்சுவிடுங்கோ சேர்."

ஜூலை 21, புதன்

என்ன செய்துவிட்டேன். சிவா, என்னை மன்னியுங்கோ. என்ன செய்துவிட்டேன்.

ஜூலை 27, செவ்வாய்

ஏழு இடத்தில் கேட்டாயிற்று. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. நுகேகொடையில் ஒரு கடைக்காரர் வேலை தருவாராம், கடிதம் தரமாட்டாராம். கடிதம் இல்லாத வேலை எனக்கு எதற்கு?

ஷபீகா போன் எடுத்தாள். ஆறாயிக்கு சேர் தானாகவே மூவாயிரத்து ஐந்நூறு ஆக்கிவிட்டாராம். சிரித்தேன், பிறகு நிறுத்த முடியாமல் அழுதேன்.

ஜூலை 30, வெள்ளி

கடிதம் இல்லையென்று நேசமக்கா இருந்த லொட்ஜில் அவரைக் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். ஒரு பையோடு இங்கே வந்து நிற்கிறார். மெற்றில்டா அன்ரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தார்.

"வீட்டு வேலைக்காரிங்கன்னு பதியலாம். சமைச்சுக் கழுவித் துடைக்கணும். சாப்பாடு, அறை. சல்லி தர எனக்கு ஏலாது. சம்மதமா?"

பட்டம் பெற்றவள் நான். ஏழு வருஷம் கொக்குவிலில் பெரிய வகுப்புக்குப் படிப்பித்தவள். நேசமக்கா, "ஓம் எண்டு சொல்லும்" என்று என் கையைப் பிடித்தார். சொன்னேன்.

ஓகஸ்ட் 2, திங்கள்

காலையிலிருந்து பொலிசில் வரிசை. மெற்றில்டா அன்ரி முன்னால், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். மேசையிலிருந்தவன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். ஒரு சின்ன வீட்டுக்கு இரண்டு வேலைக்காரியா என்று சிங்களத்தில் கேட்டான். ஒருவர் சமைக்க, ஒருவர் துணி துவைக்க என்றார் நேசமக்கா, எட்டு வருஷம் போன் மேசையில் பழகிய நல்ல சிங்களத்தில்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டான்.

நேசமக்கா என்னைப் பார்த்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் நின்றார்கள், எல்லோருக்கும் காது இருக்கிறது. இந்த முறை நான்தான் பதில் சொன்னேன், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படியாக. சம்பளம் இல்லை, சாப்பாடும் அறையும்தான். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு.

எழுதிக்கொண்டான். மூன்று மாதத்துக்குப் பதிவு.

நேசமக்கா மீன் வெட்டுகிறார். நான் தேங்காய் திருவவேண்டும். சனிக்கிழமை சிவாவைப் பார்க்கப் போகலாம்.