மேல் மண், ஒரு அங்குலம்

இந்தப் பையைத் திறக்கும் சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உள்ளே இருக்கும் மண்ணை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். இந்தத் தாளை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள். இது உங்களுக்கு எழுதியதும் இல்லை. கொட்டகையில் வேலை பார்த்துச் செத்துப்போன அக்காவுக்கு எழுதியது. வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் மண்ணோடு வைக்கிறேன்.

அக்கா,

இன்று டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தத் துணிப் பையை எடுத்தேன். என் பாவாடை சட்டையிலெல்லாம் அதன் வாசனை ஏறியிருக்கிறது. பேட்டரித் தண்ணீரின் புளித்த நெடி. உங்கள் புடவையில் வந்த அதே நெடி. வேலை முடிந்து எங்கள் அடிபம்பில் கை கழுவும்போது, "கிட்ட வராத பாப்பா, நாறுது" என்பீர்கள். நான் வந்து பம்பு அடித்துக் கொடுப்பேன்.

கொட்டகை மதிலை ஒட்டிய ஒற்றை அறையில்தான் நாங்கள் இருக்கிறோம். முதலாளி கொடுத்தது. அப்பா அங்கே வாட்ச்மேன். உள்ளே பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கிப் பாளமாக்குகிறார்கள். நீங்கள் உடைக்கிற கூட்டத்தில் இருந்தீர்கள். முதலில் வயிற்றுவலி என்றீர்கள். பிறகு வலது மணிக்கட்டு நிமிரவில்லை. கையை நீட்டினால் விரல்கள் கீழே தொங்கின. "பாரு பாப்பா, மறுவீட்டுல கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி, தலையவே தூக்க மாட்டேங்குது" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

வேலையை நிறுத்திவிட்டு, ஈயப் புகையால்தான் இந்தச் சீக்கு என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுத என்னிடம்தான் வந்தீர்கள். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதினேன். கைநாட்டு வைக்க உங்கள் கை நிற்காததால் பெருவிரலை நான்தான் பிடித்து மையில் அழுத்தினேன்.

அந்த மனுவை வைத்து, சோதனைக்கு மண் எடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து சார் வந்தது ஒரு லீவு நாளில். கொட்டகை மேஸ்திரி எல்லோருக்கும் கேட்கும்படி, "ஈயச் சொம்புல ரசம் வச்சுத்தானே குடிக்கிறோம்? அப்ப ஊரே செத்திருக்கணுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "அது வெள்ளீயம்ங்க. இது காரீயம். வேற" என்றார்.

ஐந்து இடத்தில் எடுக்க வேண்டும். ரோட்டோரத்தில், கொட்டகைக்கு எட்டத்தில் ஒரு இடத்தைத் தானே செய்து காட்டினார். சருகை மட்டும் தள்ளிவிட்டு, மரக்கரண்டியால் மேலாக ஒரு அங்குலம் வழித்துப் பையில் போட்டு, இடமும் ஆழமும் குறிக்கும் சீட்டை என்னை எழுதச் சொன்னார். "புகையோட வர்ற தூசி மேலதாம்மா படியும். மேல் மண்ணத் தள்ளிட்டா ஒண்ணுமே தெரியாது." அதற்குள் முதலாளி காகிதம் காட்டுவதாக அவரை உள்ளே கூப்பிட்டார். "உன் எழுத்து நல்லாருக்கு. மீதி நாலுக்கும் நீயே சீட்டு எழுதும்மா. அப்பா எடுத்துக் கொடுப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கரண்டியைத் தொடவில்லை. மண்வெட்டியை எடுத்தார். மேல் மண்ணைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு, அரையடி ஆழத்துக்கு 'வி' போலக் குழி வெட்டி, உள்மண்ணைச் சீவி எடுத்தார். சுரக்குடியில் குத்தகைக்கு நெல் பயிரிட்ட காலத்தில் வயல் மண்ணைச் சோதிக்க அப்படித்தான் எடுத்துக் கொடுத்தோம்.

"அப்பா, சார் மேல் மண்ணத்தான் கேட்டாரு."

"வயக்காட்டுல எத்தன தடவ எடுத்திருப்பேன். எனக்கே சொல்லித் தரியா?"

அடுத்த இடத்துக்கு நகர்ந்தபோது, என்னைப் பார்க்காமல், "இந்தக் கொட்டாய மூடிட்டா நாம எங்கடி போயி இருக்கிறது?" என்றார்.

அப்பா தெரியாமல் வெட்டவில்லை என்று அப்போது புரிந்தது. நாலு சீட்டிலும் 'ஆழம்: ஒரு அங்குலம்' என்று எழுதினேன். அச்சு மாதிரி எழுதுகிறேன் என்று நீங்கள் மெச்சிய அதே எழுத்து.

சார் திரும்பி வந்து பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். "ஈரமா இருக்கே. மேல சுரண்டிட்டீங்களா?" அப்பா மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

"இல்ல சார். காலைல தண்ணி தெளிச்சோம்."

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பெண்ணும் காலையில் தண்ணீர் தெளிப்பாள். அவர் நம்பிவிட்டார். அந்தப் பொய்யை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அக்கா.

அன்று இருட்டுவதற்குள், நீங்கள் பேட்டரி உடைத்த மதிலோரத்தில் அப்பா ஒதுக்கிய மேல் மண்ணை, மிஞ்சிக் கிடந்த ஒரு பையில் அள்ளி ஒளித்தேன். ஏன் அள்ளினேன் என்று அப்போது தெரியவில்லை. உங்களிடம் கொண்டுவந்து கொடுக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை.

மண்ணில் கெடுதல் இல்லை என்று காகிதம் வந்தது. மேஸ்திரி உங்கள் வாசலுக்கே வந்து, "பொய் மனு போட்ட மகராசி, வேலைக்கு வரியா?" என்று கூப்பிட்டார். நீங்கள் கிளம்பினீர்கள். நான் ஓடிவந்து, "போகாதீங்க அக்கா" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

"நீ கூட நின்னு எடுத்த மண்ணு பாப்பா. அதுல ஒண்ணும் இல்லேன்னா இல்லதான். எனக்குத்தான் வேற ஏதோ சீக்கு."

இந்த வார்த்தையை வகுப்பில் கேட்கிறேன், சாப்பிடும்போது கேட்கிறேன். ஐப்பசி மழையில் உங்களுக்கு வலிப்பு வந்தது. வேனில் ஏற்றும்போது தொங்கிய கையை நான்தான் எடுத்து மடியில் வைத்தேன். காரைக்கால் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் உங்களைப் பற்றி ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறார். சார் நாளைக்கு மறுபடி மண் எடுக்க வருகிறாராம். ஆனால் முந்தாநாளே கொட்டகை முற்றத்து மண்ணை வழித்து எங்கோ கொட்டிவிட்டு, லாரி மணல் பரப்பிவிட்டார்கள். நிரவியது அப்பா. நீங்கள் உட்கார்ந்து உடைத்த இடத்தின் மண் இப்போது இந்தப் பையில் மட்டும்தான் இருக்கிறது.

அம்மா தூங்குகிறாள். அப்பா கொட்டகையைச் சுற்றி வரப் போயிருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. உங்களை வேனில் ஏற்றிய அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நாளைக்கு இந்தப் பையைச் சாரிடம் கொடுத்தால் எங்களுக்கு இந்த அறை இருக்காது. கொடுக்காவிட்டால் நீங்கள் பொய் மனு போட்டவராகவே இருந்துவிடுவீர்கள்.

சீட்டு எழுதுகிறேன். மை ஈரத்தில் கரையும் என்று சார் சொன்னதால் பென்சிலில். இடம்: மதிலோரம், பேட்டரி உடைக்கும் இடம். ஆழம்: மேல் மண், ஒரு அங்குலம். இந்தத் தடவை நிஜம்.

'எடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயரை மட்டும்தான் போட நினைத்தேன். சுரண்டியது அப்பா என்றாலும் தண்ணீர் தெளித்ததாகச் சொன்னது நான். ஆனால் என் பெயரை எழுத ஆரம்பித்தாலே முன்னால் அப்பாவின் முதலெழுத்து வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் யாரோ ஒருத்தி மாதிரி இருக்கிறது. இரண்டு தடவை அழித்துவிட்டேன். தாள் ஓட்டையாகிவிடும். அவர் எழுத்தோடு சேர்த்தே எழுதிவிட்டேன், அக்கா.

கதவு தட்டும் சத்தம். அப்பாதான். பையை இன்னும் கட்டவில்லை