பாதிச் சம்பளக்காரி

1986 பிப்ரவரி 3, திங்கள்
இன்று முழுக்க ஃபேன் காயில்தான் சுற்றினோம். கோடைக்கு முன்னால் அம்பத்தூர் பட்டறைகளில் இப்படித்தான். பக்கத்து மிஷின் கெங்கம்மாள் அக்கா பேச்சோடு பேச்சாக என் சம்பளத்தைக் கேட்டாள். சொல்லிவிட்டேன்.
"இன்னாம்மே, பாதிதான் தர்றானா? அதே மிஷினு, அதே வேல!"
"அக்கா, ஒருத்தரோடும் கதையாதேங்கோ" என்று கையைப் பிடித்தேன்.

பிப்ரவரி 4
தூக்கமில்லை. ஏன் வாயைத் திறந்தேன்?

பிப்ரவரி 6
அக்கா முதலாளியிடம் கேட்டேவிட்டாள். கோபம் வந்தது. யாழ்ப்பாணத்தில் சிங்கள ஆமி பிடித்துக்கொண்டு போன என் கணவர் எங்கேயென்று தெரியாது. மகளோடு படகேறி வந்து, அலைந்து அலைந்து கிடைத்த வேலை இது. "எனக்காக நீங்கள் ஏன் கேட்டனீங்கள்?" என்றேன்.
"உனுக்காக மட்டும் இல்லடி. உன்னக் காட்டி நாளைக்கு என் சம்பளத்தயும் கொறைப்பான்."
எனக்கு அது தோன்றவேயில்லை.
சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "தவமலர், நாளைக்கு எல்லார் முன்னாடியும் கேப்பேன். முழுச் சம்பளம்தான் வாங்கறேன்னு சொல்லிடு. இல்லேன்னா வேற ஆள் வரும்."
நான் என்ன செய்யிறது? பிள்ளை பசியெண்டு அழுதா ஆர் வருவினம்?

பிப்ரவரி 7
கேட்டார். மிஷின்கள் நின்றன. அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் பொய்தான் சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள்.
"பாதிதான் தாறியள், ஐயா."
இருவரையும் வெளியே போகச் சொன்னார். மற்றப் பெண்கள் தலை நிமிரவில்லை. நாங்கள் கேட்டைத் தாண்டுமுன் மிஷின்கள் மறுபடி ஓடின.

பிப்ரவரி 19
ஆர்டர் நெருக்கடியாம். முதலாளி அக்காவை மட்டும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். "ஊட்ல அடுப்பு எரியலம்மே" என்று வாசலில் நின்று அழுதாள். "போங்கோ அக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 3
பட்டரவாக்கத்தில் இரண்டு இடம். 'சிலோன்காரங்க வேணாம்.'

மார்ச் 11
அண்ணனூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை. ஒரு காயில் சுற்றிக் காட்டினேன். "கை நல்லாத்தான் கீது. ஆனா அகதிக்குப் பாதிதாம்மா" என்றார் கடைக்காரர்.
பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். விசரி, வீட்டில் அரிசியில்லையே என்று எனக்கு நானே ஏசிக்கொண்டு நடந்தேன் — லெவல் கிராசிங் வரை. அவர் சைக்கிளில் வந்து மறித்தார்.
"வாம்மா. எல்லாருக்கும் குடுக்கறதையே குடுக்கறேன்."

மார்ச் 30, ஞாயிறு
கெங்கம்மாள் அக்கா வந்தாள். மகளுக்கு முறுக்கு. என் பழைய மிஷினில் திருகோணமலைப் பிள்ளை ஒன்று சேர்ந்திருக்கிறதாம்.
"சம்பளம்?" என்றேன்.
"முழுசு. இந்தத் தபா மொத நாளே நாங்க அல்லாரும் மொதலாளி முன்னாடி போய் நின்னோம்ல."
அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டேன்.
"தெரியலம்மே. அது இன்னும் வாயே தொறக்கல."