புன்னைத்துறை வழக்கில் யாம் அவை நீங்கியது

வெண்கரை நாடாளும் கீரவேள் மன்னன், மலையங்கோட்டம் காக்கும் எம் தங்கை வெண்ணி நாச்சியார்க்கு எழுதுவித்த ஓலை. நும் சுனைகள் வற்றாதிருக்க. நும் குடிகள் பசியறியாதிருக்க. இங்கு யாம் நலமல்லோம்.

தங்கையே, புன்னைத்துறைக் கழிமுகத்தைத் தமக்கே தனியுரிமையாக்கித் தரும்படி நம் நாட்டு எண்டிசை வணிகர் கணமும், கடல்கடந்து வந்த மேலைக் கப்பற்குழுவும் கைகோத்து அவையில் விண்ணப்பம் வைத்துள்ளமை அறிவீர். தந்தால், அங்கு வலைவீசிப் பிழைக்கும் முந்நூறு குடிகள் கரையைவிட்டே போகவேண்டும்.

ஒருவர் கைத் தாம்பூலம் வாங்கியவர், அவர் வழக்கு வரும் நாளில் அவையில் அமரலாகாது என்பது நம் முன்னோர் வைத்த முறை. அம்முறையை வணிகர் நம்மினும் நன்கு கற்றிருந்தனர். ஒருவர்க்கும் வெற்றிலை நீட்டவில்லை. தானைத்தலைவர் மகள் மணத்துக்குப் பந்தலிட்டனர். அரசகுருவின் ஊர்க்குளத்துக்குப் படி கட்டினர். ஓலைநாயகத்தின் மருமகனுக்குக் கப்பலில் வேலை தந்தனர். வழக்கு வந்த அன்று, வெற்றிலை வாங்கியவர் எழுக எனக் கட்டியக்காரர் மும்முறை கூவியும் எவரும் எழவில்லை. எமக்குச் சிரிப்பு வந்தது. யாமும் எழவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நும் அண்ணியார் பெருங்கோதையார் படுத்த படுக்கையாய்க் கிடந்த கார்த்திகைத் திங்களில், மருத்துவர் ஒருவரை அனுப்பியது அம்மேலைக் குழுவே. அம்மருந்தாலேயே அண்ணியார் இன்றும் மூச்சு விடுகிறார். யாம் நன்றி சொல்லி ஏற்றோம். அதுவும் வெற்றிலைதான் என்று எண்ணவில்லை. நேற்று அக்குழுத் தலைவர் வந்து, உரிமை கிடையாதாயின் கப்பல் ஊர் திரும்பும், மருத்துவரும் அதில் ஏறுவார் என்று மிகப் பணிவாகச் சொல்லிப் போனார்.

அண்ணியாரிடம் மறைக்கவே நினைத்தோம், எப்படியோ அறிந்துகொண்டார். துறைக்குடிகளிலும் நோயுற்ற மனைவியர் இருப்பரே, அவர்க்கு எக்கப்பலில் மருத்துவர் வருவார் என்று கேட்டார்.

ஆகவே, வழக்கு மீண்டும் வரும் முழுநிலா நாளில் நீர் வந்து எம் இருக்கையில் அமர்ந்து இவ்வழக்கைத் தீர்க்க. யாமும், பந்தலும் படியும் வேலையும் பெற்ற அனைவரும் வாயிலுக்கு வெளியே நிற்போம். அண்ணியாரை எண்ணித் தீர்ப்புச் சொல்லற்க. இது எம் ஆணை. இதன்கீழ்க் கெஞ்சி ஒரு வரி எழுதுவித்தோம். பின் அவ்வரியை அடித்துவிடச் சொன்னோம்.

முத்திரையிட்டபின் சேர்த்த நறுக்கு: இலச்சினை இட எம் கை எழவில்லை. அண்ணியார் படுக்கையில் சாய்ந்தபடியே மோதிரத்தை வாங்கித் தாமே அழுத்தினார். முத்திரை சற்றுக் கோணியிருக்கும், போலியென்று எண்ணற்க.